பாட்டுக்குக் கோடிட்ட துறவி

கத்தோலிக்கத் தேவாலயங்களில், வாத்தியங்களின் துணையின்றிப் பலரும் ஒரே குரலாக இசைக்கும் பழைய லத்தீன் பாடல்களுக்குக் கிரிகோரியன் இசை என்பது பெயர். அவ்விசை பிழையின்றி நிலைபெற வழிகண்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

அவர் பெயர் குய்டோ. கி. பி. 991-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் என்பர். துறவு பூண்டு, இத்தாலியின் கீழைக் கடற்கரையை அடுத்த பொம்போசா மடத்தில் வாழ்ந்தார். அங்குத் துறவியர் இரவும் பகலும் பலமுறை கூடிப் பாடித் தொழுவர். பாடல்களோ மிகப் பல. ஏட்டில் சொற்களின் மேல் சிறு குறிகள் இட்டிருப்பர். குரல் ஏறுவதையும் இறங்குவதையும் அவை காட்டும். எவ்வளவு என்பதைத் திட்டமாகக் காட்டா. ஆகவே ஆசிரியர் பாட, மாணவர் கேட்டுக் கேட்டே மனனம் செய்தல் வேண்டும். பத்தாண்டுகள் முயன்றும் முழுதும் கைவரப் பெறாதார் பலர். ஆசிரியர் இல்லையேல் பாட்டும் இல்லை.

இந்நிலை கண்டு வருந்திய குய்டோ, ஏட்டிலே கோடுகளை இழுத்து, கோட்டின் மீதும் இடைவெளியிலும் குறிகளை அமைத்தார். ஒரு கோட்டுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு மஞ்சளும் தீட்டினார். குறி நிற்கும் இடமே சுரத்தின் உயரத்தை உணர்த்திற்று. முன்பு கேட்டறியாத பாடலையும் சிறுவர்கள் ஏட்டைப் பார்த்தே பாடினர். பத்தாண்டுக் கல்வி ஓரிரண்டு ஆண்டுகளில் அடங்கியது.

புகழோடு பொறாமையும் வளர்ந்தது. தாம் அறிந்ததைப் பிறரும் எளிதில் அறிந்தால் தம் மதிப்புக் குன்றும் என எண்ணுவோர் எத்தொழிலிலும் உண்டன்றோ? உடனுறைந்த துறவியரே பகைக்கவே, குய்டோ மடத்தை விட்டு நீங்கினார். 1025-ஆம் ஆண்டளவில் அரெஸ்ஸோ நகரத்துப் பிஷப் தியோபால்டு அவரை ஆதரித்து, தேவாலயப் பாடகர்களைப் பயிற்றும் பணியைத் தந்தார். அங்கே மைக்ரோலோகஸ் என்னும் இசை நூலை இயற்றி, அவருக்கே காணிக்கையாக்கினார்.

செய்தி ரோமாபுரிக்கு எட்டிற்று. போப்பாண்டவர் பத்தொன்பதாம் ஜான் குய்டோவை அழைத்தார். ஏட்டைப் புரட்டிப் பார்த்த போப்பாண்டவர், தாம் முன்பு கேட்டிராத ஓர் அடியைத் தாமே பாடக் கற்ற பின்னரே இருக்கையை விட்டு எழுந்தார். ஆயினும் ரோமின் கோடை வெம்மையும் சதுப்பு நிலக் காற்றும் குய்டோவை நோயில் வீழ்த்தின. அவர் அந்நகரை நீங்க நேர்ந்தது. அதற்கு முன் பொம்போசா மடத் தலைவரைக் கண்டார். முன்னர் நிகழ்ந்ததற்கு வருந்திய அத்தலைவர், மடத்துக்கே திரும்பி வருமாறு வேண்டினார்.

இவற்றையெல்லாம் குய்டோ, மைக்கேல் என்னும் துறவி நண்பருக்கு வரைந்த கடிதத்தால் அறிகின்றோம். திருமுழுக்கு யோவானைத் துதிக்கும் லத்தீன் பாடலொன்றின் ஆறு பகுதிகள் ஒன்றைவிட ஒன்று ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். அவற்றின் முதலசைகளான உத், ரே, மி, பா, ஸோல், லா என்பவற்றைக் கொண்டு சுரம் பயிற்றும் முறையையும் அக்கடிதம் விளக்குகின்றது. நாம் ஸ ரி க ம என்று பயில்வது போன்றதே இது. பிற்காலத்தில் உத் என்பது டோ ஆயிற்று.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்தபோதும், கிரிகோரியன் இசைக்குரிய முதன்மையை மறுக்கவில்லை. அவ்விசை ஏடுகளில் இன்றும் குய்டோ வகுத்த முறையிலேயே கோடுகள் உள்ளன.

அவரை விரட்டிய பொறாமை மறைந்தது. அவர் இட்ட கோடு மறையவில்லை. ஊர்விட்டு வந்து வாழும் நாமும், நாம் அறிந்த தமிழையும் பாட்டையும் நம் பிள்ளைகளுக்கு ஒளியாது எளிதாகக் கற்பிப்போமாக!