மலைமுடிகளை எண்ணிய ஹியூ மன்றோ

சென்னைத் தீவுத்திடலை ஒட்டிய சாலையில், குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் விளங்கும் சர் தாமஸ் மன்றோவின் சிலையை நம்மில் காணாதார் சிலரே. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்து, நிலத்தை அளந்து உழவரிடம் நேரே தீர்வை கொள்ளும் இரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்தவர் அவர். அவருடைய பேரர் ஒருவரும் அளவையாலேயே அழியாப் பெயர் பெற்றார் என்பதைப் பலர் அறியார். பாட்டனார் வயல்களை அளப்பித்தார். பேரர் மலைகளை எண்ணினார். அப்பேரரே சர் ஹியூ தாமஸ் மன்றோ ஆவார்.

1856ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் இலண்டனில் பிறந்த ஹியூ, ஸ்காட்லாந்தில் கிரிமியூர் நகருக்கு அருகிலிருந்த லிண்டர்டிஸ் என்னும் குடும்பப் பண்ணையில் வளர்ந்தார். இளமையில் ஜெர்மன் மொழி பயிலச் சென்றபோது ஆல்ப்ஸ் மலைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் ஆளுநரின் தனிச் செயலாளராகப் பணியாற்றினார். 1885இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். அரசியல் அவரை ஏற்கவில்லை, மலைகள் ஏற்றுக்கொண்டன.

1889இல் ஸ்காட்லாந்து மலையேறுவோர் கழகம் தோன்றியபோது தொடக்க உறுப்பினருள் ஒருவரானார். பின்னர் அதன் தலைவராகவும் வீற்றிருந்தார். ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு, மேற்பட்ட மலைகள் எத்தனை என்னும் வினாவுக்கு அந்நாளில் தெளிந்த விடை இல்லை. வழிகாட்டி நூல்கள் முப்பதை ஒட்டிய எண்ணிக்கையையே கூறிவந்தன. அரசு நிலஅளவைத் துறையின் வரைபடங்களை விரித்துவைத்து, காற்றழுத்தமானியைக் கையில் ஏந்தி, பனியிலும் மழையிலும் அலைந்து மன்றோ விடை கண்டார். 1891இல் கழகத்தின் இதழில் அவருடைய அட்டவணை வெளிவந்தது. உச்சிகள் 538; அவற்றுள் தனி மலைகள் 283. நாடே வியப்புற்றது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் தகும். உயரத்தைக் கருவி சொல்லிவிடும். ஆனால் ஒரே முகட்டில் இரண்டு உச்சிகள் எழுந்தால், அவை இரு மலைகளா, ஒரு மலையின் இரு தோள்களா? இதனைக் கருவி சொல்லாது. இடைப்பட்ட பள்ளத்தின் ஆழம், தொலைவு, தோற்றம் ஆகியவற்றை ஒருங்கே நோக்கி, மன்றோ தம் மதியால் முடிவு செய்தார். இத்தனை அடி தாழ்ந்தால் தனி மலை என்னும் விதி எதனையும் வகுத்தாரல்லர். பிற்காலத்தில் 2500 அடிக்கும் 3000 அடிக்கும் இடைப்பட்ட மலைகளைத் தொகுத்த கார்பெட் என்பார், சுற்றிலும் 500 அடித் தாழ்வு வேண்டும் எனத் திட்டமாக வரையறுத்தார். மன்றோவின் பட்டியலிலோ எண்ணும் உண்டு. மனிதரின் தீர்ப்பும் உண்டு. அதனாலேயே வாதம் இன்றளவும் ஓயவில்லை.

இதற்குச் சான்றாக ஸ்கை தீவின் ஸ்கூர் ஜெரக் மலையைக் காட்டலாம். அதன் முகட்டில் 'அணுகவியலா ஊசிமுனை' எனப் பொருள்படும் பெயருடைய பாறை ஒன்று செங்குத்தாக நிற்கிறது. 986 மீட்டர் உயரமுள்ள அப்பாறை, மலையின் ஏனைய பகுதியினும் சில மீட்டர் உயர்ந்தது. எனினும் 1891ஆம் ஆண்டு அட்டவணை அதனைத் துணை உச்சி என்றே குறித்தது. பாறையேற்றம் அறியாதார் அதன் தலையை மிதித்தல் அரிது. அவ்வுச்சியை மன்றோ தம் வாழ்நாளில் எட்டவில்லை. கேர்ன்கார்ம் மலைத்தொடரில் கார்ன் கிளோய்க் வூலின் என்னும் எளிய மலையைக் கடைசியாக ஏறுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார், அந்நாளும் வாய்க்கவில்லை. முதல் உலகப் போர் மூண்டபின், முதுமையையும் பாராது தொண்டாற்றப் புறப்பட்டவர், 1918இல் பிரான்சின் தராஸ்கோன் நகரில் படைவீரர்க்கு உணவகம் நடத்தினார். அங்கேயே நுரையீரல் அழற்சியால் 1919 மார்ச் 19இல் மறைந்தார்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்தவை விந்தையானவை. 1921ஆம் ஆண்டுப் பதிப்பு ஊசிமுனையைத் தனி மலையாக உயர்த்தியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம், அவர் இறுதிக்கென வைத்திருந்த மலையைத் துணை உச்சியாகத் தாழ்த்தியது. 2012இல், புதிய அளவையில் 914.4 மீட்டருக்கு அரை மீட்டரும் குறையாத சிறு வேறுபாட்டால் பெய்ன் அ கிளைவ் என்னும் மலை பட்டியலினின்று நீங்க, எண்ணிக்கை 282 ஆயிற்று. எல்லாவற்றையும் முதலில் ஏறி முடித்தவர் எனப் போற்றப்பெற்றவர் ஏ. ஈ. ராபர்ட்சன் என்னும் பாதிரியார். அவர் நிறைவு செய்த ஆண்டு 1901. பென் வைவிஸ் மலையில் மழைக்குத் திரும்பிவிட்டார் போலும் என்று அவருடைய நாட்குறிப்பை ஆராய்ந்தோர் பிற்காலத்தில் ஐயம் எழுப்பினர்.

மலையுச்சியில் சான்று கூற எவரும் இரார். ஏறினேன் என்றால் ஏறியதே, மறுக்க ஆளில்லை. பட்டியலும் மன்றோவுடையது, எதனைச் சேர்ப்பது, எதனை நீக்குவது என்னும் உரிமையும் ஒருகாலத்தில் அவருடையதே. துணை உச்சிதானே என்று ஊசிமுனையைத் தம் கடமையினின்று அவர் கழித்துவிட்டிருக்கலாம். கழித்தாரில்லை, மிதிக்காத முடியை மிதிக்காததாகவே வைத்துச் சென்றார். இன்று அவர் பெயராலேயே மன்றோக்கள் என வழங்கும் மலைகளை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறி முடித்துப் பதிந்துள்ளனர். அப்பெயர்களினிடையே மன்றோவின் பெயர் இல்லை. பிறர்க்கு அளவுகோல் வகுப்போர், அக்கோலைத் தமக்கென வளைத்தலாகாது என்பதற்கு அவ்வெற்றிடமே நாம் காணும் நற்சான்று.