தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார்

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் (மே 5, 1903 - நவம்பர் 21, 1991) விடுதலைப் போராட்ட வீரரும் கல்வியாளரும் ஆவார். சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகப் பணியாற்றியவர். கோயம்புத்தூர் இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தை நிறுவியவர். சாதியின் பெயராலும் வறுமையாலும் கல்வி மறுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அதனைக் கிடைக்கச் செய்யும் பணியில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

இளமை

திருப்பூரில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். காந்தியடிகள், விவேகானந்தர் ஆகியோரின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு, திருமணம் செய்துகொள்ளாமல் பொதுப்பணியில் ஈடுபட்டார். விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றுப் பலமுறை சிறை சென்றார்.

வித்தியாலயம்

அக்காலத்தில் பொதுப் பள்ளிகள் அனைவருக்கும் உரியவை என்று அரசு அறிவித்திருந்த போதிலும், பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் குழந்தைகள் பள்ளிகளில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் தனியே அமர்த்தப்பட்டனர். கொங்கு நாட்டுச் சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. பண்ணையங்களில் ஆடுமாடு மேய்த்தும் கூலி வேலை செய்தும் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள் பலர்.

இந்நிலையில் அவினாசிலிங்கம் 1930 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் வித்தியாலயத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் மிகச் சில மாணவர்களே இருந்தனர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் அடங்குவர். குருகுல முறையில் அமைந்த இவ்விடுதிப் பள்ளியில் எல்லாச் சாதி மாணவர்களும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, பணிகளையும் பகிர்ந்து செய்தனர். ஒரே பந்தியில் உண்பதே எதிர்ப்புக்குள்ளான காலம் அது. காந்தியடிகள் 1934 ஆம் ஆண்டு தம் அரிசன யாத்திரையின்போது வித்தியாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் அமைந்த இந்நிறுவனம் பின்னர் பள்ளிகள், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, உடற்கல்வியியல் கல்லூரி, கலை அறிவியல் கல்லூரி என விரிவடைந்தது.

கல்வி அமைச்சர்

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழியாக்கும் பணியை முன்னெடுத்தார். கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வி முறையை ஆதரித்தார். 1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இவரது காலத்தில் நிறைவேறியது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுவே. சொத்து வரியுடன் ஒரு சிறு நூலக வரி சேர்க்கப்பட்டதால், புத்தகம் வாங்க இயலாத வீட்டுக் குழந்தைகளுக்கும் நூல்கள் கிடைக்க வழி ஏற்பட்டது.

அதே ஆண்டில் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பெரியார், அண்ணாதுரை முதலானோர் தலைமையில் போராட்டங்கள் நடைபெற்றன. தமிழ்வழிக் கல்விக்கு உழைத்த அமைச்சரே இம்மொழிக் கொள்கைக்கும் பொறுப்பாக இருந்தது விமர்சிக்கப்பட்டது.

கலைக்களஞ்சியம்

தாய்மொழியில் கற்பதற்கு அறிவு நூல்களும் தாய்மொழியில் வேண்டும் என்ற எண்ணத்தில் 1946 ஆம் ஆண்டு தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்தவரும் வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவருமான பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, பத்துத் தொகுதிகளில் தமிழ்க் கலைக்களஞ்சியம் (1954 - 1968) வெளியானது. அதனைத் தொடர்ந்து சிறுவர்களுக்கெனத் தனியாகப் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் (1968 - 1976) வெளிவந்தது.

பெண் கல்வி

1957 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பெண்களுக்கான மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ் இதனை வழிநடத்தினார். 1988 இல் இது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

மதிப்பீடு

இந்திய அரசு 1970 ஆம் ஆண்டு இவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. குழந்தை உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1989 இல் தான் உருவானது. இந்தியாவில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டது. கல்வியைக் குழந்தையின் உரிமையாக இச்சட்டங்கள் அறிவிப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, சாதி பாராத வகுப்பறை, தாய்மொழிப் பாடம், எட்டக்கூடிய நூல் ஆகிய மூன்றும் இன்றி அவ்வுரிமை நிறைவடையாது என்பதை இவரது பணிகள் காட்டின.