வில்லிஸ் கேரியர்

வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியர் (நவம்பர் 26, 1876 – அக்டோபர் 7, 1950) ஓர் அமெரிக்கப் பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் நவீன வளிப் பதன முறையை (ஏர் கண்டிஷனிங்) உருவாக்கியவர் என அறியப்படுகிறார். இவரை வளிப் பதனத்தின் தந்தை என அழைப்பதுண்டு. ஆயினும் காற்றைக் குளிர்விக்கும் முயற்சிகள் இவருக்கு முன்பே நடந்தன. ஜான் கோரி என்னும் மருத்துவர் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நோயாளிகளின் அறைகளைக் குளிர்விக்க முயன்றார். காற்றிலுள்ள ஈரத்தை அளந்து, கணக்கிட்டு, வேண்டிய அளவில் நிறுத்தும் வழியைக் கண்டதே கேரியரின் தனிச்சிறப்பு.

இளமைக் காலம்

கேரியர் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அருகிலுள்ள அங்கோலா என்னும் சிற்றூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் பின்னங்கள் விளங்காமல் திணறிய இவருக்கு, இவரது தாயார் ஆப்பிள் பழங்களைத் துண்டுகளாக வெட்டிக் காட்டிக் கற்பித்தார். சிக்கலை எளிய பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியதாகக் கேரியர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவருக்குப் பதினோரு வயதானபோது தாயார் காலமானார். பள்ளி ஆசிரியராகச் சிலகாலம் பணியாற்றிய பின் உதவித்தொகை பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1901 இல் பொறியியல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பஃபலோ ஃபோர்ஜ் என்னும் நிறுவனத்தில் வாரம் 10 டாலர் ஊதியத்தில் பணியில் அமர்ந்தார்.

அச்சகத்தின் சிக்கல்

1902 இல் புரூக்ளினிலிருந்த சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தின் சிக்கல் கேரியரிடம் வந்தது. வண்ணப் படங்களை அச்சிடும்போது ஒரே தாள் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒருமுறை இயந்திரத்தினூடே செல்ல வேண்டும். கோடைக்காலத்தின் ஈரக்காற்றில் தாள் விரிந்தது. வறண்ட நாளில் சுருங்கியது. இதனால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகின. குளிர்ந்த நீர் ஓடும் சுருள் குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள ஈரத்தை நீராகப் படியச் செய்யும் அமைப்பைக் கேரியர் வரைந்தார். அதன் வரைபடங்கள் 1902 ஆம் ஆண்டு சூலை 17 எனத் தேதியிடப்பட்டவை. ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 55 விழுக்காட்டில் நிறுத்துவதே நோக்கம். வளிப் பதனம் மனிதரின் வசதிக்காகவன்றித் தாளின் நலனுக்காகத் தொடங்கியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

பனிபடுநிலையும் நூற்பாலையும்

அதே ஆண்டின் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க் தொடர்வண்டி நிலையத்தில் மூடுபனிக்கிடையே நின்றபோது கேரியருக்கு முதன்மையான கருத்து தோன்றியது. மூடுபனி என்பது ஈரம் நிறைந்த காற்று. காற்று தாங்கக்கூடிய ஈரத்தின் அளவு அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஆகவே காற்றை ஒரு குறிப்பிட்ட குளிர்நிலையில் முழுமையாக நனைத்து, பின்னர் சூடாக்கினால், அதில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்பதை முன்கூட்டியே அறியலாம். நீரைத் தெளித்துக் காற்றை உலர்த்தலாம் என்பது முதலில் முரணாகத் தோன்றும். தெளிக்கப்படும் நீர் போதிய அளவு குளிர்ந்திருந்தால் காற்றின் ஈரம் அந்நீர்த் துளிகளின் மேலேயே படிந்துவிடும். இவ்வமைப்பிற்கு 1906 சனவரியில் காப்புரிமை கிடைத்தது.

அவ்வாண்டில் வட கரோலினா மாநிலத்தின் பெல்மாண்ட் ஊரிலிருந்த ஒரு பருத்தி நூற்பாலையில் இக்கருவி பொருத்தப்பட்டது. அங்கே வேறொரு பாடம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழலும்போது எழும் வெப்பம் காற்றின் நிலையையே மாற்றியது. குறை கருவியில் இல்லை. அறைக்குள் உண்டாகும் வெப்பம் கணக்கில் போதிய அளவு சேர்க்கப்படவில்லை. 1911 இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் கழகத்தில் கேரியர் படித்த ஆய்வுரை வெப்பநிலை, ஈரம், பனிபடுநிலை ஆகியவற்றின் உறவைச் சூத்திரங்களாக வகுத்தது. அதிலிருந்து வளர்ந்த ஈரக்காற்று வரைபடத்தைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் பயில்கின்றனர்.

நிறுவனமும் திரையரங்குகளும்

முதல் உலகப்போர்க் காலத்தில் பஃபலோ ஃபோர்ஜ் இத்துறையிலிருந்து பின்வாங்கியதால், கேரியர் மேலும் ஆறு பொறியியலாளர்களுடன் 1915 இல் கேரியர் பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1922 இல் இவர் வெளியிட்ட மையவிலக்குக் குளிர்பதன இயந்திரம் பெரிய கட்டடங்களைக் குளிர்விக்க வழிசெய்தது. 1924 இல் டெட்ராய்ட் நகரின் ஹட்சன் பல்பொருள் அங்காடியில் இவ்வகை இயந்திரங்கள் மூன்று அமைக்கப்பட்டன. தள்ளுபடி விற்பனை நாள்களில் அதன் அடித்தளத்தில் வெப்பம் தாளாமல் வாடிக்கையாளர் மயங்கி விழுவது வழக்கமாயிருந்தது.

அக்காலத் திரையரங்குகள் சிலவற்றில் குளிர்காற்று தரையிலிருந்து வந்தது. பார்வையாளரின் கால்கள் விறைத்தன, தலைப்பகுதியோ புழுங்கியது. கேரியர் நிறுவனம் காற்றை மேற்கூரையிலிருந்து இறக்கி இருக்கைகளின் கீழே வெளியேற்றியது. 1925 மே மாத இறுதியில் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் நடந்த திறப்பு நாளில் இயந்திரங்கள் காலந்தாழ்ந்தே இயக்கப்பட்டன. கூட்டம் நிறைந்த வெப்பமான அரங்கில் அனைவரும் கைவிசிறியை வீசிக்கொண்டிருக்க, கேரியர் கவலையுடன் பார்த்து நின்றார். குளிர் மெல்லப் பரவியது; விசிறிகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின.

சாளர வளிப்பதனியும் கேரியரின் கணக்கும்

அறைகளுக்கான தனிப் பெட்டிகள் 1930களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தன. அவை விலைமிகுந்தவை. சாளரத்தில் பொருத்தும் வகை (விண்டோ ஏசி) இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே பரவியது. இது கேரியர் ஒருவரின் கண்டுபிடிப்பன்று. எனினும் அது போதிய அளவு குளிர்விக்காதபோது குறையைக் கண்டறிய அவரது கணக்கே உதவுகிறது.

பெட்டிக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையையும் அதிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் ஒரு வெப்பமானியால் அளந்து பார்க்கலாம். வேறுபாடு ஏறத்தாழ 8 முதல் 11 பாகை செல்சியசு எனில் இயந்திரம் பெரும்பாலும் செவ்வனே இயங்குகிறது. அப்படியும் அறை குளிராவிட்டால், பெல்மாண்ட் நூற்பாலையைப் போலவே வெப்பச் சுமைதான் மிகுதி: மேற்கு வெயில், கதவிடுக்கு, திறந்திருக்கும் வெளிக்காற்றுத் தடுப்பு, அறைக்குப் போதாத டன் அளவு ஆகியவற்றை நோக்க வேண்டும். கடலோர நகரங்களில் இயந்திரத்தின் உழைப்பில் கணிசமான பகுதி காற்றின் ஈரத்தை நீராக்கவே செலவாவதால், அங்கு இவ்வேறுபாடு இதைவிடக் குறைவாக இருப்பது இயல்பே.

காற்றோட்டமே வலுவிழந்திருந்தால் முதலில் ஐயுற வேண்டியது வடிகட்டியை. அது தூசியால் அடைபட்டால் உட்புறச் சுருளில் பனிக்கட்டி படிந்து, எஞ்சிய வழியையும் மூடிவிடும். அப்போது விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பனிக்கட்டியை உருகச்செய்து, மின்னிணைப்பைத் துண்டித்தபின் வடிகட்டியைக் கழுவி உலர்த்திப் பொருத்தலாம். காற்று நன்றாக வீசியும் குளிர்ச்சியில்லை எனில் வெளிப்புறச் சுருளின் தகடுகளில் அழுக்குச் சேர்ந்திருக்கலாம். அல்லது குளிர்பதன வளிமம் கசிந்திருக்கலாம். அவ்வளிமம் எரிபொருளைப்போல் தீர்ந்துபோவதன்று, மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுவது. எனவே கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது வீண்செலவு. இப்பணியைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

இறுதிக் காலம்

1930 இல் வேறு இரு நிறுவனங்களுடன் இணைந்து கேரியர் கார்ப்பரேசன் உருவானது. பொருளியல் பெருமந்தத்தால் வீட்டு வளிப்பதனிகளின் விற்பனை முடங்கியது. 1937 இல் நிறுவனம் சிரக்கியூசு நகருக்குப் பெயர்ந்தது. கேரியர் 1950 அக்டோபர் 7 அன்று நியூயார்க் நகரில் காலமானார். அவரது உடல் பஃபலோ நகரின் ஃபாரஸ்ட் லான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. 1985 இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.