ஜாக்கியின் கடைசி நாள்களில் ரமணர் என்ன செய்தார்?

ஏற்காட்டில் குளிர் இறங்குவது வயதான நாய்களுக்குத்தான் முதலில் தெரியும். சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் வெயில் வந்த பிறகும் தரை சில்லென்றே கிடக்கும். போன வருஷம்வரை காபித் தோட்டத்து வேலியோரம் குரங்கைத் துரத்தியவன், இப்போது சாக்கை விட்டு எழுந்திருக்கவே மூன்று முறை முயற்சி செய்கிறான். பின்னங்கால் வழுக்குகிறது. நடுவில் நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறான்.

அந்தப் பார்வைதான் கஷ்டம். இல்லையா?

பிறகு ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். பின்பக்க ஷெட்டில் கட்டிப் போடு, வீடெல்லாம் நாறுது என்பார் ஒருத்தர். ஒரு ஊசி போட்டு அனுப்பிடு, பாவம் என்பார் இன்னொருத்தர். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும், அல்லது இன்னும் தள்ளி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு. நிற்கவே முடியாதவனை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவு. போகலாமா, வேண்டாமா என்று யோசித்தே ஒரு வாரம் ஓடிவிடும்.

நீங்கள் இப்போது அந்த வாரத்தில் இருந்தால், உங்களுக்கு ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். ரொம்ப தூரத்து ஆள் இல்லை. சேர்வராயன் மலையின் இன்னொரு பக்கம், குப்பனூர் சாலை வழியாக இறங்கி அரூரைத் தாண்டிப் போனால் அவர் வாழ்ந்த திருவண்ணாமலை வந்துவிடும். ரமண மகரிஷி. கோவணம் கட்டி, கைத்தடி பிடித்து நிற்கும் அந்தப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். சாமியார் கதை நமக்கு எதுக்கு என்று ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடாதீர்கள். இதில் தத்துவம் குறைவு, நாய்கள் அதிகம்.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். அப்போது பெயர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர் அந்த ஊரில் வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1892-ல் அவர் இறந்ததும், பையன் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தான். படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. விளையாட்டும் தூக்கமும்தான். நல்ல உடல்வாகு.

1896 ஜூலையில், 16 வயதில், அந்த வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது திடீரென்று சாவு பயம் வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, காரணமே இல்லை. செத்துவிடப் போகிறோம் என்ற நினைப்பு மட்டும். நாமாக இருந்தால் கீழே ஓடியிருப்போம், யாரையாவது கூப்பிட்டிருப்போம். அந்தப் பையன் தரையில் நீட்டிப் படுத்தான். கை கால்களை விறைப்பாக வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, பிணம் மாதிரி கிடந்தான். சாவு என்றால் என்ன, எது சாகிறது என்று பார்த்துவிடலாம் என்ற எண்ணம். பார்த்ததாகவும், அதற்குப் பிறகு அந்தப் பயம் திரும்பி வரவேயில்லை என்றும் பின்னாளில் அவரே விவரித்திருக்கிறார். அதை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் வருகிற சாவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாத பழக்கம் அங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜாக்கி கதைக்கு அது வேண்டும்.

ஆறு வாரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. அதன் பிறகு 54 வருஷம் அந்த ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. முதலில் கோயில், பிறகு 1899-லிருந்து மலைமேல் விரூபாட்ச குகை. அவருடைய நாய்க் கதைகள் தொடங்குவது அந்தக் குகையில்தான்.

சின்னக் கருப்பன் என்று ஒருவன். உடம்பில் ஒரு வெள்ளை முடி இல்லாத சுத்தக் கறுப்பு. குகைக்குச் சற்றுத் தள்ளி, புதர்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ கடந்து போகும், அவ்வளவுதான். கிட்டே வரமாட்டான். கூச்ச சுபாவம். ரமணரும் கூப்பிட்டுத் தொல்லை பண்ணவில்லை. பல நாள் கழித்து அவனாகவே வந்து ஒட்டிக்கொண்டான். ஒருமுறை ரமணருக்குத் தொண்டு செய்துவந்த பழனிசாமி அவனைக் கடுமையாகப் பேசிவிட்டார். அது மழை ராத்திரி. கருப்பன் வெளியே போய்க் கரி மூட்டை மேல் இரவு முழுக்கக் கிடந்தான். காலையில்தான் அவனைத் திருப்பி அழைத்து வந்தார்கள். பழனிசாமியிடம் திட்டு வாங்கிய இன்னொரு குட்டி நாய், நேராகக் கீழே இருந்த சங்கு தீர்த்தக் குளத்துக்குப் போனது; கொஞ்ச நேரத்தில் உடல் மிதந்தது. நாய் மனசில் என்ன ஓடியது என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் ரமணர் இந்த இரண்டு சம்பவங்களையும் பல வருஷம் ஞாபகம் வைத்திருந்து சொன்னார். அங்கே வருகிற எந்த உயிரிடமும் கடுமை காட்டக் கூடாது என்பது அதற்குப் பிறகு அங்கே சட்டம் மாதிரி ஆனது.

கமலா என்று ஒருத்தி இருந்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டு என்று ரமணர் சொன்னால் போதும். கோயில், குளம் எதையும் விடாமல் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவாளாம்.

பார்த்தீர்களா, நானும் அவன், அவள் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். அது ரமணரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. தமிழ் இலக்கணப்படி நாய் அஃறிணை. அது வந்தது, அது போனது என்றுதான் பள்ளிக்கூடத்தில் எழுத வைப்பார்கள். ரமணர் மிருகங்களை ஒருபோதும் அது என்று சொல்ல மாட்டார். எப்போதும் அவன், அவள்தான். பசங்களுக்குச் சோறு போட்டாச்சா என்று விசாரித்தார் என்றால் நாய்களைக் கேட்கிறார் என்று அர்த்தம். சாப்பாட்டு நேரத்தில் முதலில் நாய்களுக்கு, அடுத்து பிச்சை கேட்டு வந்தவர்களுக்கு, கடைசியில்தான் பக்தர்களுக்கு. பசியோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களின் முகத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

1922 மே 19 அன்று அம்மா அழகம்மாள் இறந்தார். அன்று காலையிலிருந்து இரவு உயிர் பிரியும்வரை ரமணர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கை அம்மாவின் நெஞ்சில், ஒரு கை தலையில். அந்த வருஷ டிசம்பரில் மலையிலிருந்து இறங்கி, அம்மாவின் சமாதிக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். இன்றைக்கு இருக்கும் ரமணாசிரமம் அப்படி வளர்ந்ததுதான்.

1924 ஜூன் 26 இரவு அங்கே திருடர்கள் புகுந்தார்கள். எடுத்துப்போக ஒன்றும் இல்லாத இடம், அதனாலேயே கோபம். ரமணருக்கு இடது தொடையில் அடி விழுந்தது. அந்தக் களேபரத்திலும், கருப்பன் என்ற நாயைத் திருடர்கள் அடித்துவிடப் போகிறார்கள், பத்திரமான இடத்தில் விட்டு வா என்று குஞ்சு சுவாமியை அனுப்பினார்.

இனி ஜாக்கி.

ஆசிரமத்துக்குக் குட்டியாக வந்தவன். மற்ற நாய்களோடு சேர மாட்டான், விளையாட மாட்டான். பக்தர் ஒருவர் கொடுத்த காவித் துணியில் உட்கார்ந்து ரமணரையே பார்த்துக்கொண்டிருப்பான். பிரசாதம் கொடுத்தால் ரமணர் வாயில் வைத்த பிறகுதான் தன் பங்கைத் தொடுவான். ராமசாமிப் பிள்ளை என்பவர் தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி உண்ணி பொறுக்குவார். ஒருநாள் வெளிநாய் ஒன்று உள்ளே நுழைய, ஜாக்கி குரைத்தான். கண்ணை மூடிக்கொண்டால் அவன் தெரியமாட்டானே என்று ரமணர் மெதுவாகச் சொல்ல, ஜாக்கி உடனே மூடிக்கொண்டானாம். சுற்றி இருந்த மனிதர்கள்தான் வெளிநாயை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1935 நவம்பரில் மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயர் ஆசிரமத்துக்கு வந்தார். ஜாக்கியின் முடிவு நமக்குத் தெரிவது அவர் எழுதி வைத்ததால்தான். அவர் வந்தபோதே ஜாக்கிக்கு வயதாகி, நோய் முற்றியிருந்தது. ரமணர் அவனுக்கு மெத்தென்று ஒரு படுக்கை போடச் செய்தார். அவனுக்கு வேண்டியதையெல்லாம் தானே கவனித்தார். நாள் போகப் போக உடம்பு மோசமாகி, நாற ஆரம்பித்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் படுக்கை வராண்டாவுக்குப் போகும், அங்கிருந்து ஷெட்டுக்குப் போகும். ரமணர் எதையும் மாற்றவில்லை. அந்த நாற்றத்தோடேயே அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்வார், தடவிக் கொடுப்பார். கடைசியில் ஜாக்கி அவர் கைகளிலேயே இறந்தான். கடைசிவரை அவன் இடத்தை அசிங்கம் பண்ணவில்லை, எந்தச் சிகிச்சைக்கும் முரண்டு பிடிக்கவில்லை என்பதையும் சாட்விக் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

இவ்வளவுதான் நடந்தது. அதிசயம் எதுவும் இல்லை, நாய் பிழைத்து எழவில்லை. படுக்கை, சுத்தம், தொடுவதற்கு ஒரு கை. இன்றைக்குக் கால்நடை மருத்துவரிடம் போனாலும் படுத்துவிட்ட நாய்க்கு முதலில் சொல்வது இதைத்தான்: குளிர் தரையில் போடாதீர்கள், கனமான விரிப்பு போடுங்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும், ஈரமானால் உடனே துடையுங்கள். எழுந்து நிற்க ஆசைப்பட்டால் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாக: வலிக்கிறதே என்று நம் வீட்டு பாராசிட்டமாலையோ ஐப்யூபுரோஃபெனையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது விஷமாகிவிடும். நாய்க்கென்று வலி மருந்து தனியாக இருக்கிறது, டாக்டரைக் கேளுங்கள்.

அப்படியானால் ஊசி போடுவது பாவமா? ரமணரை வைத்து அப்படி ஒரு தீர்ப்பு சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அதே காலத்தில் காந்தி வேறு மாதிரி செய்தார். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி எழ முடியாமல் வலியில் துடித்தது. பிழைக்காது என்று தெரிந்தது. காந்தி டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு அதன் வலியை முடித்துவைத்தார். அகிம்சை பேசும் மனிதர் கன்றைக் கொன்றுவிட்டாரே என்று நாடே கொதித்தது. திட்டிக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. தான் செய்தது ஏன் என்று தன் பத்திரிகையிலேயே எழுதினார். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும், மீள வழியில்லாமல் துடிக்கும் மிருகத்தின் உயிரை வலியில்லாமல் முடிப்பதற்கு இடம் தருகிறது.

திருவண்ணாமலையில் ஒருவர் கடைசி மூச்சுவரை கையில் வைத்திருந்தார். சபர்மதியில் ஒருவர் ஊசிக்குச் சம்மதித்தார். ஜாக்கியின் வலி தாங்கும்படி இருந்திருக்கலாம், கன்றின் வலி அப்படி இல்லை. உங்கள் நாய் இதில் எந்தப் பக்கம் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் சொல்லவே முடியாது. சாப்பிடுகிறானா, தண்ணீர் குடிக்கிறானா, தூங்குகிறானா, உங்கள் குரலுக்கு வால் அசைகிறதா. வாலும் அசையவில்லை, ராத்திரி முழுக்க முனகுகிறான் என்றால் டாக்டரோடு அடுத்ததைப் பேச வேண்டிய நேரம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடணும். ரமணருக்கு ஆபீஸ் கிடையாது, நைட் ஷிஃப்ட் கிடையாது, சுற்றி உதவிக்குப் பத்துப் பேர். நீங்கள் வாரம் முழுக்க பெங்களூரில், நாய் ஏற்காட்டில் வயதான அம்மா அப்பாவோடு என்றால் கதை வேறு. அவர் மாதிரி நாள் முழுக்க உட்கார முடியவில்லையே என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் லீவு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், போட்டுவிடுங்கள்.

ஜாக்கிக்குப் பிறகும் ரமணர் இதையேதான் செய்தார். 1926-ல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்த பசு லட்சுமி, 1948 ஜூன் 18 அன்று இறந்தாள். தொழுவத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு வைத்த மாதிரியே தலையிலும் நெஞ்சிலும் கை வைத்திருந்தார். அவள் சமாதிக்குத் தமிழில் ஒரு வெண்பாவும் எழுதினார்.

பிறகு அவருக்கே இடது கையில் புற்றுநோய்க் கட்டி. 1949-ல் நான்கு அறுவை சிகிச்சைகள். கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்க வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். புண்ணோடு, கட்டோடு, மெலிந்துபோய், எல்லோரும் பார்க்கும்படியே கிடந்தார். 1950 ஏப்ரல் 14, இரவு 8.47-க்கு உயிர் பிரிந்தது.

ஆசிரமத்துக்குப் போனால் பெரிய சந்நிதியைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். லட்சுமியின் சமாதி எங்கே என்று கேளுங்கள். அங்கேயே வள்ளி என்ற மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கிக்கும் சமாதி இருக்கிறது. ஆசிரமத்தின் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாமலை சுவாமியை அழைத்து, ஜாக்கியைப் புதைத்த இடத்தில் சின்னதாக ஒன்று கட்டச் சொன்னவர் ரமணர்தான்.