பிளக் பாயின்ட் இல்லாத வீட்டுக்கு எலக்ட்ரிக் ரேசர்: ஜி.டி. நாயுடு என்ன செய்தார், என்ன செய்யவில்லை?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ‘ஷேவிங்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, சலூனில் நடப்பது. இன்னொன்று, டேனரியில் நடப்பது. குரோமியத்தில் பதமிட்ட ‘வெட் புளூ’ தோலை எந்திரத்தில் கொடுத்தால், சுழலும் உருளையில் சுருள் சுருளாகப் பதித்த பிளேடுகள் அதைச் சீவி, எல்லா இடத்திலும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவரும். அதற்கும் பெயர் ஷேவிங்தான்.

சலூன் ஷேவிங்குக்கும் தோலோடு பழைய உறவு இருக்கிறது. பிளேடு போட்டுத் தூக்கி எறியும் காலம் வருவதற்கு முன்னால், சவரக் கத்தியைத் தோல் வாரில் இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்துத்தான் பதம் ஏற்றுவார்கள். கத்தி நன்றாக இருக்கிறதா என்பது பாதி அந்த வாரைப் பொறுத்தது, மீதி கையைப் பொறுத்தது.

டேனரியில் சீவப்படுவது உயிரில்லாத தோல். முகத்தில் இருப்பது உயிருள்ள தோல். முடியை ஒட்ட வெட்ட வேண்டும், தோலில் கீறல் விழக் கூடாது. கைப்பழக்கம் செய்துவந்த இந்த வேலையை ஒரு சின்ன மோட்டாரிடம் ஒப்படைக்க முடியுமா? 1930களில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் ஒரு தமிழரும் உண்டு. அவர் தோல் தொழில் நடக்கும் வட மாவட்டத்துக்காரர் இல்லை, கோயம்புத்தூர்க்காரர். பெயர் ஜி.டி. நாயுடு. அவர் உருவாக்கிய ரேசரின் பெயர் ‘ரசன்ட்’.

உலகத்திலேயே முதலா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்களில், உலகின் முதல் எலக்ட்ரிக் ரேசரைக் கண்டுபிடித்தவர் நாயுடு என்று அடிக்கடி வரும். அது சரியில்லை. அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாக இருந்த ஜேக்கப் ஷிக், தண்ணீரும் சோப்பும் இல்லாமல் மழிக்கும் மின்சார ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார். 1931-ல் அது விற்பனைக்கே வந்துவிட்டது. பிலிப்ஸ் நிறுவனத்தின் வட்டத் தலை ரேசர் 1939-ல் வந்தது.

அப்படின்னா நாயுடு செய்தது என்ன? இந்தியர் ஒருவர் உருவாக்கிய முதல் எலக்ட்ரிக் ரேசராக ரசன்ட் பேசப்படுகிறது. ஆனால் முதலா, இரண்டாவதா என்பதைவிடச் சுவாரசியமான விஷயம் அதன் உள்ளே இருந்தது. ரசன்டின் சின்ன மோட்டார் சுவர் மின்சாரத்தில் ஓடவில்லை. உலர் மின்கலத்தில், அதாவது டார்ச் லைட்டில் போடுகிறோமே, அந்த மாதிரி பேட்டரியில் ஓடியது. அந்த முடிவு ஏன் முக்கியம் என்று புரிய, அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் ஆரம்பித்த படிப்பு

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றுபோனது.

இளைஞராக இருந்தபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டி. அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார். கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராக வேலை செய்தார். காசு சேர்ந்ததும் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. முதல் வேலையாக அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார், பிறகு திரும்பப் பூட்டினார். அவருடைய எஞ்சினீயரிங் படிப்பு அதுதான்.

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார். அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்ற ‘யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’ ஆக வளர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று அது பெயர் வாங்கியிருந்தது.

பஸ்ஸில் வந்த பணம் அவரை வெளிநாடுகளுக்கு அழைத்துப் போனது. போகும்போது கேமராவும் கூடவே போனது. 1936-ல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம் பிடித்தார். ஜெர்மனி அவரை அதிகம் ஈர்த்த நாடுகளில் ஒன்று. ‘ரசன்ட்’ என்ற சொல்லுக்கும் ஜெர்மன் மொழியில் ‘அதிவேகமான’ என்று பொருள் உண்டு.

சின்ன மோட்டார், பெரிய கணக்கு

எலக்ட்ரிக் ரேசர் செய்ய அன்று இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி ஷிக்கின் வழி. மெல்லிய உலோகத் தகட்டில் கோடு கோடாக இடைவெளி விட்டிருப்பார்கள். முடி அந்த இடைவெளிக்குள் நுழையும். உள்ளே இருக்கும் வெட்டுப் பகுதி இடமும் வலமுமாக ஓடி அதை நறுக்கும். தகடு நடுவில் இருப்பதால் தோல் தப்பிக்கும்.

இரண்டாவது வழி அதிர்வு. வழக்கமான பிளேடு ரேசரையே எடுத்துக்கொண்டு, அதை மோட்டாரால் லேசாக அதிர வைப்பது. மோட்டாரின் சுழலும் தண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்த சின்ன எடையை மாட்டினால் போதும். அது சுற்றும்போது முழு ரேசரும் துடிக்கும். செல்போனில் வைப்ரேஷன் வரவழைக்கப் பல காலம் பயன்பட்டதும் இதே ஏற்பாடுதான்.

அதிர்வால் என்ன லாபம்? தக்காளியைக் கத்தியால் நேராக அழுத்தினால் நசுங்கும். அதே கத்தியை லேசாக முன்னும் பின்னும் இழுத்தால் சுலபமாக அறுபடும். பிளேடும் அப்படித்தான். சிறு அசைவு இருந்தால் அழுத்தம் குறைவாகவே போதும், அழுத்தம் குறைந்தால் கீறலும் குறையும்.

எந்த வழியில் போனாலும் பேட்டரியில் ஓட்டும்போது கணக்கு கடுமையாகிவிடும். ஒரு உலர் மின்கலம் தருவது 1.5 வோல்ட்தான். அதற்குள் மோட்டார் ஓட வேண்டும், முகத்தில் வைத்து அழுத்தும்போது நின்றுவிடக் கூடாது, கை தாங்கும் எடையில் இருக்க வேண்டும், பேட்டரியும் நாலு நாளில் தீர்ந்துவிடக் கூடாது. பிளேடு மொக்கையாக இருந்தால் மோட்டாருக்குச் சுமை கூடும். அதனால் நல்ல மோட்டார் மட்டும் போதாது, நல்ல பிளேடும் வேண்டும். நாயுடுவின் கண்டுபிடிப்புப் பட்டியலில் ரசன்டுக்குப் பக்கத்திலேயே மிக மெல்லிய ஷேவிங் பிளேடுகளும் இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஏன் பேட்டரி?

இவ்வளவு சிரமம் எதற்கு, சுவரில் சொருகினால் போதாதா? சொருகுவதற்குச் சுவரில் மின்சாரம் வேண்டுமே. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில்தான் இயங்க ஆரம்பித்து, கோவையின் ஆலைகளுக்கு மின்சாரம் தந்தது. ஆலைக்கு வந்தது வீட்டுக்கு வர நாளாகும். அன்றைய தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் விளக்கே மண்ணெண்ணெயில்தான் எரிந்தது. அமெரிக்காவின் நகர வீட்டை மனதில் வைத்துச் செய்த ரேசர் இங்கே எத்தனை பேருக்கு உதவும்?

நாயுடு செய்த மற்ற பொருட்களிலும் இதே பார்வை தெரியும். அவர் உருவாக்கியவற்றில் ஒன்று மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி. கரன்ட் இல்லாத வீட்டுக்கும் காற்று வரட்டும் என்ற யோசனை அது. 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குத் தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கினார், விலை 2,000 ரூபாய் என்று கணக்குப் போட்டார். பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு எந்திரம் என்று பட்டியல் இன்னும் நீளும்.

இதெல்லாம் உலகம் அதுவரை கேள்விப்படாத பொருட்கள் இல்லை. ரேடியோ இருந்தது, கார் இருந்தது, ரேசரும் இருந்தது. இங்கே இருக்கிற வீட்டுக்கும் இங்கே இருக்கிற சட்டைப்பைக்கும் பொருந்தும்படி அவற்றை எப்படி மாற்றுவது என்பதுதான் அவருடைய கேள்வி. இன்றைய ஸ்டார்ட்அப் கூட்டங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வியும் அதுதான்.

மோட்டார் மட்டும் எப்படி நிலைத்தது?

1937-ல், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை அவர் கொண்டுவந்தார். பீளமேட்டில் இருந்த நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் அது உருவானது. பாலசுந்தரம் நாயுடு பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை வளர்த்தார். கோவை இன்று மோட்டார், பம்ப்செட் ஊராக இருப்பதில் அந்தத் தொடக்கத்துக்குப் பங்கு உண்டு.

ரேசரில் இருந்ததும் மோட்டார்தான், கிணற்றடிக்குப் போனதும் மோட்டார்தான். ஒன்று மறக்கப்பட்டது, மற்றொன்று ஊரின் அடையாளமாகிவிட்டது. கிணற்று மோட்டாருக்கு விவசாயி காத்திருந்தார், மில் காத்திருந்தது, பழுது பார்க்கப் பட்டறைகள் முளைத்தன, வார்ப்படத் தொழில் வளர்ந்தது. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொண்டார். ரேசரைச் சுற்றி அப்படி ஒரு கூட்டம் உருவாகவில்லை.

சில இடங்களில் கதவை அடைத்தது அரசாங்கம். 2,000 ரூபாய் காருக்கு உற்பத்தி உரிமம் கிடைக்கவில்லை, திட்டம் அதோடு நின்றது. நாயுடுவின் சுபாவத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்லலாம். ரேசரிலிருந்து ரேடியோ, ரேடியோவிலிருந்து கார், கூடவே பருத்தி, பப்பாளி விவசாய ஆராய்ச்சி என்று அவர் ஓடிக்கொண்டே இருந்தார். ஒரே பொருளில் இருபது வருடம் உட்கார்ந்து, வருடா வருடம் அதைச் செம்மைப்படுத்தும் வேலை வேறு மாதிரியானது. ஷிக்கும் பிலிப்ஸும் ஜெயித்தது அந்த வேலையில்தான்.

கற்றுக்கொடுத்தவர்

தான் கழற்றிப் பூட்டிக் கற்றதை மற்றவர்களும் கற்க வேண்டும் என்று தொழிற்கல்விக்குப் பணமும் இடமும் கொடுத்தார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் 1945-ல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. கல்லூரி இடம் மாறிப் பெயரும் மாறிவிட்டாலும், பீளமேட்டில் அந்த பஸ் ஸ்டாப் இன்னும் ‘ஹோப் காலேஜ்’தான்.

அங்கே முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் படிப்பு நேர விரயம், இரண்டு வருடமே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அவர் சொன்னது முழுக்க சரி என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டறையில் கை படாத பட்டம் எதற்கு என்று அவர் கிளப்பிய சந்தேகம் இன்றும் தீரவில்லை.

70 வருடம் கழித்து

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். 30 ஆண்டுகள் கழித்து, 2004-ல், ஜில்லெட் நிறுவனம் ‘எம்3 பவர்’ என்ற ரேசரைப் பெரிய விளம்பரத்தோடு இறக்கியது. கைப்பிடிக்குள் ஒரு சின்ன பேட்டரி, ஒரு சின்ன மோட்டார், லேசான அதிர்வு. முடியை அது எழுப்பி நிற்க வைக்கும் என்று விளம்பரம் சொன்னது. போட்டி நிறுவனம் ஷிக் வழக்குப் போட, அந்த விளம்பரம் ஏற்கத்தக்கதல்ல என்று அமெரிக்க நீதிமன்றம் 2005-ல் முடிவு செய்தது. விளம்பரம் தோற்றாலும், பேட்டரி போட்ட ரேசர் என்ற யோசனை கடையை விட்டுப் போகவில்லை.

கோவை அவிநாசி சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அதே சாலையில் உள்ள அருங்காட்சியகம் அவர் பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இன்றைக்கும் வெளிநாட்டு பிராண்டுகளுக்காக ஷூ தயாராகிறது. தோல் நம்முடையது, கை நம்முடையது, பெட்டியில் இருக்கும் பெயர் வேறொருவருடையது. செய்யத் தெரிந்த ஊர், தன் பெயரில் ஒரு பொருளை நிலைநிறுத்த என்ன வேண்டும் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. ரசன்ட் ரேசரின் கதையில் அதற்குப் பாதி பதில் கிடைக்கும். இங்கே இருப்பவருக்குப் பொருந்தும்படி செய்ய வேண்டும், அதை நாயுடு செய்து காட்டினார். மீதிப் பாதி அவர் ஒருவரால் ஆகக்கூடியது இல்லை. செய்ததைப் பிடித்துக்கொண்டு அடுத்த இருபது வருடம் வளர்க்க ஒரு ஊரே வேண்டும். மோட்டாருக்கு அது கிடைத்தது. ரேசருக்குக் கிடைக்கவில்லை.