பாகவதரும் பழிச்சொல்லும்

காவிரிக் கரையில் பிறந்து, தமிழ் மக்களின் செவியையும் உள்ளத்தையும் ஒருங்கே கவர்ந்த எம். கே. தியாகராஜ பாகவதரின் சரித்திரம் சங்கீத அபிமானிகளுக்கு மட்டும் உரியதன்று. சட்டத்தை மதிப்போரும், பத்திரிகை நடத்துவோரும், பொதுமேடையில் ஏறுவோரும் அதை ஊன்றிக் கவனித்தல் அவசியம். குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவரைத் தீர்ப்புக்கு முன்னரே குற்றவாளியென்று ஊரறியக் கூறுவதன் தீங்கை இதைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் சான்று கிடைத்தல் அரிது.

பாகவதர் 1910-ஆம் வருஷத்தில், பழைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த மாயவரத்தில் பிறந்தார். தகப்பனார் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, பொன்வேலை செய்து ஜீவித்தவர். குடும்பம் திருச்சிராப்பள்ளியில் குடியேறிய பின், எப். ஜி. நடேசய்யரின் நாடக சபையில் சிறுவனாகவே சேர்ந்து, ஹரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாகத் தோன்றினார். மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறைப்படி சங்கீதம் பயின்றார். 1934-இல் ‘பவளக்கொடி’யில் ஆரம்பித்த அவருடைய சினிமா வாழ்வு, 1937-இல் ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, 1939-இல் ‘திருநீலகண்டர்’, 1941-இல் ‘அசோக்குமார்’, 1943-இல் ‘சிவகவி’ என்று மேன்மேலும் ஓங்கிற்று. பாபநாசம் சிவனின் பாடல்கள் அவர் குரலில் வீடுதோறும் புகுந்தன. கூத்தாநல்லூரிலிருந்து வியாபாரத்தின் பொருட்டுக் கப்பலேறியவர்கள் வசித்த மலாயா நாட்டிலும் அக்குரல் ஒலித்தது.

அக்காலத்தில் சென்னையில் லக்ஷ்மிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்னும் பத்திரிகையையும், பின்னர் ‘இந்து நேசன்’ என்பதையும் நடத்தி வந்தார். நடிகர்களையும் பிரமுகர்களையும் பெயர் சுட்டி, அவர்களுடைய அந்தரங்க வாழ்வைப் பற்றி ருசுவில்லாத தூஷணைகளை வெளியிடுவதே அப்பத்திரிகைகளின் தொழில். ஜனங்களும் அவற்றை ஆவலோடு வாங்கிப் படித்தனர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். 1944 நவம்பர் 8-ந் தேதி, வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்த அவரைச் சிலர் கத்தியால் குத்தினர். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் நீத்தார். எழுத்து எவ்வளவு இழிவாயினும் அதற்குக் கத்தி பதிலாகாது. அது கொடிய கொலையே.

அடுத்த மாதக் கடைசியில், கொலைக்குச் சதி செய்ததாக பாகவதரும், ஹாஸ்ய நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், கோயமுத்தூர் ஸ்ரீராமுலு நாயுடுவும், வேறு சிலரும் கைது செய்யப்பட்டனர். அவ்வருஷத் தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ படம் அப்பொழுது சென்னையில் நிறைந்த கூட்டத்துடன் ஓடிக்கொண்டிருந்தது. பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையில் அவர் பாடக் கேட்டு ஜனங்கள் உருகிய அதே காலத்தில், அவர் சிறையில் அடைபட்டுக் கிடந்தார். அவருக்கென்று எண்ணியிருந்த ‘உதயணன்’ வேஷம் ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்குச் சென்றது. கைதான நாளில் சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதி. ஊரின் வாயிலோ கொலைகாரர்.

1945-இல் சென்னை ஹைகோர்ட்டில், நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளைக் கொண்டு விசாரணை நடந்தது. ஜூரிகள் ஆகாயத்திலிருந்து இறங்கியவரல்லர். பத்திரிகை படிப்பவர், வீதிப் பேச்சைக் கேட்பவர். மே மாதத்தில் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள்பரியந்த தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டில் செய்த அப்பீல் தள்ளப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு சென்று, மறுவிசாரணைக்காகத் திரும்பி வந்தது. எதிராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில், ஸாக்ஷியம் நம்பத்தக்கதன்று என்று ஹைகோர்ட் இருவரையும் விடுவித்தது. கொலைக்கு உண்மையில் யார் காரணம் என்பது இன்றளவும் விளங்கவில்லை.

விடுதலை கிடைத்தது, போன வாழ்வு திரும்பவில்லை. 1948-இல் வெளிவந்த ‘ராஜமுக்தி’யும், 1952-இல் வந்த ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும், 1957-இல் வந்த ‘புதுவாழ்வு’ம் பழைய வெற்றியை அளிக்கவில்லை. 1959 நவம்பர் 1-ந் தேதி, ஏறக்குறைய ஐம்பதாவது வயதில், பாகவதர் காலமானார். உடன் சிறையிலிருந்த கிருஷ்ணன் வெளிவந்து மீண்டும் புகழுடன் விளங்கினார். ரஸிகர்களின் ருசியும் மாறிவந்தது. ஆகவே வழக்கு ஒன்றே வீழ்ச்சிக்குக் காரணம் என்று நாம் சாதிக்க மாட்டோம். ஆனால் அவர் இழந்த உன்னதமான வருஷங்களை எந்தத் தீர்ப்பாலும் ஈடுசெய்ய இயலவில்லை என்பது திண்ணம்.

அவரைத் தண்டித்தது கோர்ட்டேயன்றிப் பத்திரிகையன்று எனச் சிலர் ஆக்ஷேபிக்கலாம். பிரமாணம், குறுக்கு விசாரணை, வக்கீல், அப்பீல் ஆகிய இத்தனை காவல்கள் உள்ள கோர்ட்டே தவறக்கூடுமாயின், இவற்றுள் ஒன்றேனும் இல்லாத காபி ஹோட்டல் தீர்ப்பு எம்மாத்திரம்? மாயவரத்துக்குக் கிழக்கே கடலோரத்திலுள்ள பூம்புகாரிலிருந்து மதுரைக்குச் சென்ற கோவலன் கதையை அறியாத தமிழர் இல்லை. கள்வன் என்ற ஒரு சொல் ஆராய்ச்சியின்றி நம்பப்பட்டது; உண்மை வெளிப்பட்டபோது உயிர் போய்விட்டது.

அப்படியாயின் கைதானோர் பெயரையே மறைத்துவிடலாமா? கூடாது. ரகசியமாகப் பிடித்து, ரகசியமாக அடைத்து வைப்பது எத்தகைய கொடுமை என்பதை 1919-ஆம் வருஷத்து ரௌலட் சட்டம் நமக்குக் கற்பித்தது. யாரைப் பிடித்தனர் என்று ஜனங்கள் அறிவது பிடிபட்டவனுக்கே ஒரு காவல். பெயரை வெளியிடலாம், தீர்ப்பை வெளியிடலாகாது. சாட்டப்பட்ட குற்றம் இன்னது, அவன் அதை மறுக்கிறான், விசாரணை முடியவில்லை என்னும் மூன்றையும் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கைதை எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டோமோ, விடுதலையையும் அவ்வாறே அச்சிட வேண்டும். 1971-ஆம் வருஷத்துக் கோர்ட்டு அவமதிப்புச் சட்டத்தின்படி, குற்றப்பத்திரிகை தாக்கலாகுமுன், அல்லது கோர்ட்டு சம்மனோ வாரண்டோ பிறப்பிக்குமுன், வழக்கு நிலுவையிலிருப்பதாகவே கருதப்படுவதில்லை. வதந்தி மிகுந்த அந்நாட்களில் சட்டத்தின் காவல் குறைவாயிருத்தலின், மனச்சாக்ஷியின் காவல் இருமடங்கு வேண்டும்.

தேச காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு இது விசேஷமாகப் பொருந்தும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மீது வழக்கு வந்தவுடன் மேடையேறி அவரைத் திருடனென்று கூவுதல் எளிது. நாளை அதே சொல் நம் தோழர் மீது விழும்போது, நிரபராதி என்று கூற நமக்கு வாய் இராது. எதிரிக்கும் நாம் மறுக்காத நியாயமே நமக்கும் நாளைக்கு உதவும்.