காற்றை அழுத்திக் கனல் கண்டவர்

மயிலாப்பூரிலே வீட்டுக்குத் தளம் போடும் நாளில், ஜல்லியையும் சிமெண்டையும் புரட்டும் கலவை இயந்திரத்தைச் சுழற்றுவது எது? அடையாற்றை அடுத்த ஊரூர்க் குப்பத்து மீனவத் தோழரின் படகை அலை தாண்டிக் கொண்டுசெல்வது எது? 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு நேரங்களில், தியாகராய நகரின் சின்னஞ்சிறு கடைகளுக்கு விளக்கேற்றி வைத்தது எது? டீசல் எஞ்சின்!

டீசல் என்றால் எண்ணெய் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்னும் அந்த மாமேதையின் வரலாறு, இயந்திரத்தோடு மல்லாடும் ஒவ்வோர் உழைப்பாளியும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

1858 மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரிலே பிறந்தார். தந்தை தோல் வேலை செய்து பிழைத்தவர். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன் குடும்பம் என்ற காரணத்தால் பாரிசைவிட்டு விரட்டப்பட்டார்கள். குடும்பம் இலண்டன் சேர்ந்தது. 12 வயதுச் சிறுவன் மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அந்தப் பிள்ளைதான் 1880இல் மியூனிக் தொழிற்கல்லூரியில் முதன்மையாகத் தேறியது.

அங்கே ஓர் உண்மை அவர் நெஞ்சில் தைத்தது. நீராவி எஞ்சினிலே கொட்டும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை; மிச்சமெல்லாம் வீண்! அத்தகைய எஞ்சினையும் பெரிய ஆலை முதலாளிதான் வாங்க முடியும். சிறு பட்டறைக்காரர், நெசவாளி, தச்சர் என்ன செய்வார்? ஆலையின் போட்டிக்கு ஆற்றாது அழிவார். அவர்களுக்கும் கட்டுப்படியாகும் எஞ்சின் ஒன்றைத் தர வேண்டும் என்று ருடால்ப் கனவு கண்டார்.

வழி என்ன? காற்றை இறுக்கி அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். இன்னும் கடுமையாக அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், தீப்பொறியே வேண்டாம்.

1893 ஆகஸ்ட் 10ஆம் நாள் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை. அளவுக் கருவி வெடித்துச் சிதறியது! ருடால்ப் கலங்கினாரில்லை. 1894இல் எஞ்சின் தானாகவே ஒரு நிமிடம் ஓடிற்று. 1897 பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தார். ஒரே சிலிண்டர், சுமார் 18 குதிரைச் சக்தி, எண்ணெயின் வெப்பத்தில் 26.2 சதவிகிதம் வேலையாக மாறிற்று. உலகம் வியந்தது.

அந்த ஒற்றைச் சிலிண்டரிலிருந்து இன்னும் சக்தி பெறுவது எப்படி? அன்று எழுந்த கேள்வி இன்றும் நம் பட்டறைகளிலே எழுகிறது. இழுவை போதவில்லை என்றதும் பம்பின் திருகைத் திருகி எண்ணெயைக் கூட்டுகிறோம். கிடைப்பது என்ன? கொஞ்சம் சக்தி, கொள்ளைக் கரும்புகை! ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். சிலிண்டரோ தன் கொள்ளளவுக்கு மேல் மூச்சிழுக்காது. காற்றுக் கிடைக்காத எண்ணெய் கரியாகிறது, வளையத்தில் அப்புகிறது, பிஸ்டனைக் காய்ச்சுகிறது.

வேகத்தைக் கூட்டலாமே எனலாம். வேகம் இரட்டித்தால், பிஸ்டனின் ஓட்டத்தால் எழும் விசை நான்கு மடங்காகும், பேரிங் தாங்குமா? காற்றைத் திணித்து ஊட்டும் முறையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி, 1925இல் புகையின் வேகத்தாலேயே சுழலும் டர்போவைப் பூட்டிச் சக்தியை 40 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றிக் காட்டினார். ஆனால் நான்கு வீச்சு ஒற்றைச் சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் புகை வெளிவரும். விட்டுவிட்டு வரும் அந்த வீச்சில் டர்போ சீராகச் சுழல்வது அரிது.

ஆகவே, முதலில் வீணாவதைத் தடுப்போம். காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா? வால்வு சரியாக உட்காருகிறதா? வளையம் தேய்ந்து அழுத்தம் கசிகிறதா? நாசில் பனிபோல் தூவுகிறதா, சொட்டுச் சொட்டாய் வடிக்கிறதா? எண்ணெய் தூவும் நேரம் தப்பாமல் இருக்கிறதா? இவற்றைச் சீர்செய்தாலே இழந்த சக்தி திரும்பும்.

ருடால்பின் எஞ்சின் அவர் காலத்தில் சிறிதாகவில்லை. எண்ணெயை உள்ளே தள்ளவே தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டியிருந்தது. கப்பல்களும் ஆலைகளும் அதை வாரி அணைத்துக்கொண்டன. கைத்தொழிலாளியின் பட்டறைக்கு அது எட்டவில்லை. பாஷ் நிறுவனம் 1927இல் சின்னஞ்சிறு எண்ணெய்ப் பம்பை ஆக்கித் தந்த பிறகே, சிறிய டீசல் எஞ்சின்கள் பெருகின.

அதைக் காண அவர் இல்லை. 1903இல், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தாங்களே தொழிற்கூடங்களுக்கு உரிமையாளர்களாகலாம் என்று ஒரு நூல் எழுதினார், வாங்குவார் இல்லை. வந்த செல்வமோ நிலபேரத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் கரைந்தது. 1913 செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற டிரெஸ்டன் கப்பலிலிருந்து மறைந்தார். சில நாள் கழித்துக் கடலில் மிதந்த உடலில் கிடைத்த பொருட்களை, தந்தையுடையவை என்று மகன் அடையாளம் சொன்னார். உலகுக்கே சக்தி தந்தவர் கடனாளியாக மாண்டார்!

மாண்டாலும் அவர் தொடங்கிய தேடல் மாளவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலே டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிற்று. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு அடையாற்றின் அருகே எழுந்த தொழில்நுட்பக் கழகத்தில், காட்டாமணக்கு எண்ணெயைக் கொண்டு ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை ஓட்டி ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்த அறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாகாது. படகுத்துறைக்கும் பட்டறைக்கும் வந்து சேர வேண்டும். எஞ்சினின் நெஞ்சறிந்த தொழிலாளியை எவரும் ஏய்க்க முடியாது. எளியவர் கையிலே சக்தி சேர வேண்டும் என்று ஏங்கிய ருடால்ப் டீசலுக்கு, அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறென்ன இருக்க முடியும்?